குப்பையும் குடும்பச் சொத்தும்



திருச்சிராப்பள்ளியில் பெரிய கடைவீதி வழியாக நடந்து செல்கின்றவர்கள் கடைகளின் பெயர்ப் பலகைகளைச் சற்று நிதானமாகப் படித்தால், அந்த நகரத்தின் வணிக வரலாற்றில் பாதியைத் தெரிந்துகொள்ளலாம். தந்தையின் பெயர் முன்னே நிற்கும். அதன் பின்னே 'அன்ட் சன்ஸ்' என்னும் தொடர் வரும். சில பலகைகளில் பாட்டனாரின் படமும் இருக்கும். நகைக் கடை, ஜவுளிக் கடை, நாட்டு மருந்துக் கடை, பாத்திரக் கடை என எதை எடுத்துக்கொண்டாலும், 'எங்கள் பாட்டனார் தொடங்கியது' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம் உண்டு. உறையூர்ச் சுருட்டுக்கும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தன. தொழில் கைமாறிக் கைமாறி வந்தது என்பதே அதன் தரத்திற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

இந்தக் கடைகளுக்கெல்லாம் முன்னே, பொழுது விடியும் வேளையில், தெருவைப் பெருக்கிக் குப்பையை அள்ளிச் செல்லும் தொழில் ஒன்று நடக்கின்றது. அதுவும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த தொழிலே. அந்தத் தொழிலில் ஏன் ஒரு பெயர்ப் பலகையும் எழவில்லை? இன்றைய பேச்சில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன்.

குப்பை அள்ளும் தொழிலுக்குப் பெயர்ப் பலகை எங்குமே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவில் சிகாகோ நகரத்திற்கு ஹாலந்து நாட்டிலிருந்து குடியேறிய ஹார்ம் ஹைசெங்கா என்பவர், 1893ஆம் ஆண்டில் ஒரு குதிரை வண்டியை வைத்துக்கொண்டு குப்பை அள்ளத் தொடங்கினார். ஒரு வண்டிக்கு ஒன்றேகால் டாலர் கூலி. அவருக்குப் பின் மக்கள் அதே தொழிலைச் செய்தார்கள். 1968ஆம் ஆண்டில் அவருடைய பேரன் ஒருவரும், பேத்தியின் கணவரும், வேறொரு கூட்டாளியும் சேர்ந்து, சிதறிக் கிடந்த வண்டித் தொழில்களை ஒன்றாக்கி 'வேஸ்ட் மேனேஜ்மென்ட்' என்னும் கம்பெனியை நிறுவினார்கள். மூன்றே ஆண்டுகளில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. இன்று உலகத்தில் குப்பையினால் செல்வம் ஈட்டும் கம்பெனிகளுள் அது முன்வரிசையில் நிற்கின்றது.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் கதை. அங்கே இத்தாலி நாட்டின் ஜெனோவாப் பகுதியிலிருந்து சென்ற ஏழைக் குடியானவர்கள் குப்பை வண்டி ஓட்டினார்கள். முதலில் ஒருவர் தெருவில் மற்றொருவர் புகுவதும், கூலியைக் குறைத்துப் போட்டியிடுவதும், அதனால் கைகலப்பு விளைவதுமாக இருந்தது. 1920ஆம் ஆண்டளவில் அவர்கள் இரண்டு சங்கங்களாகத் திரண்டார்கள். வண்டியில் ஏறிக் கூடையைத் தோளில் சுமப்பவரே பங்குதாரர், பங்குதாரரே முதலாளி. 1932இல் நகர நிருவாகம் ஊரை வட்டாரங்களாகப் பிரித்து அனுமதிச் சீட்டு வழங்கிற்று. இன்ன வட்டாரம் இன்னாருக்கு என்பது உறுதியாயிற்று. அதன்பின் பங்கு தந்தையிடமிருந்து மகனுக்கும், மகன் இல்லையேல் மருமகனுக்கும் போயிற்று. பெண் கொடுப்பவர்கள், மாப்பிள்ளைக்குக் குப்பை வண்டியில் பங்கு உண்டா என்று விசாரித்திருப்பார்கள் என எண்ணுவதில் தவறில்லை. அச்சங்கங்களின் வழிவந்த நிறுவனம் இன்று 'ரிக்காலஜி' என்னும் பெயரோடு, பணியாளர்களே உரிமையாளர்களாக நடத்தும் நிறுவனமாக இருக்கின்றது.

இந்த இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கும் அது இழிவாகக் கருதப்பட்ட தொழில்தான். புதிதாகக் குடியேறியவர்கள், மொழி தெரியாதவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள் செய்த தொழில்தான். ஆயினும் வண்டி அவர்களுடையது, குதிரை அவர்களுடையது, தெரு அவர்களுடையது. மகனுக்கு விட்டுச் செல்ல அவர்களிடம் ஏதோ ஒன்று இருந்தது.

நம் நாட்டில் அப்படி ஒன்றும் இல்லையா என்று கேட்டால், வடநாட்டில் இருந்தது என்பதே விடை. ஆனால் அது இருந்த விதம் வேறு. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், இராஜஸ்தானம் முதலிய பகுதிகளின் பல நகரங்களில், இன்ன வீடுகளின் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்யும் உரிமை இன்ன குடும்பத்தினுடையது என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. அந்த உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். வேறொருவர் அந்த வீட்டிற்குள் துடைப்பத்தோடு நுழைய முடியாது. வீட்டுக்காரர் நினைத்தாலும் ஆளை மாற்ற முடியாது. கூலி என்பதோ, நாளுக்கு ஒரு ரொட்டி, மாதத்திற்குச் சில காசு, பண்டிகை நாளில் எஞ்சிய பலகாரம், பழந்துணி, இவ்வளவே.

சுதந்திரத்திற்குப் பிறகு மத்திய அரசு 1957இல் என். ஆர். மல்கானி என்னும் காந்தியத் தொண்டரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தலையில் மலக்கூடை சுமக்கும் வழக்கத்தை ஒழிப்பது எப்படி என்பதே அதன் ஆராய்ச்சி. 1960இல் அறிக்கை வந்தது. ஆனால் இந்தப் பரம்பரை உரிமை என்னும் முடிச்சு அவிழவில்லை. அதற்கென்றே 1965இல் அவர் தலைமையிலேயே இன்னொரு குழு அமைக்க வேண்டியதாயிற்று. நகரசபையார் இந்த வேலையைத் தாமே ஏற்று, மாதச் சம்பளம் கொடுத்து, கூடைக்குப் பதில் தள்ளுவண்டி தருவதாகச் சொன்னால், எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று நினைக்கின்றீர்கள்? அந்தக் குடும்பங்களிடமிருந்தே வந்தது. 'எங்கள் வீடுகளை எடுத்துக்கொள்கிறீர்களே' என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது விலங்கு. அவர்களுக்கோ உலகத்தில் இருந்த ஒரே சொத்து. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பது ஒன்றே ஒன்று என்றால், அது எப்படிப்பட்டதாயினும் விடமாட்டான் மனிதன்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1865ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் திருச்சிராப்பள்ளி நகரசபை 1866இல் தோன்றியது. ஸ்ரீரங்கம் நகரசபை 1871இல் தோன்றியது. இரண்டு ஊருக்கும் நடுவே காவிரி. இரண்டுக்கும் தனித்தனி நிருவாகம். 1994இல் மாநகராட்சி ஏற்படுகின்றவரையில் அப்படியே இருந்தன. அந்த ஆண்டில்தான் திருச்சியும் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன.

திருச்சிக் கோட்டையைச் சுற்றியிருந்த மதிலை இடித்து அகழியைத் தூர்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த வேலை. அகழி இருந்த இடத்தில் விசாலமான சாலைகள் எழுந்தன. ஆங்கிலத்தில் 'புலவார்டு' என்று பெயர் வைத்தார்கள். நம் மக்கள் அதை 'புலிவார்டு ரோடு' ஆக்கிக்கொண்டார்கள். மேலப் புலிவார்டு, கீழப் புலிவார்டு என்று இன்றும் வழங்குகின்றது. புலிக்கும் அந்தச் சாலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இடிக்காமல் விட்ட மதிற்பகுதிக்கு அடையாளமாக மெயின்கார்டு கேட் நிற்கின்றது.

நகரசபை வந்தபோது குப்பை பொதுக் காரியமாயிற்று. அதற்கு முன் வீட்டுக் குப்பை வீட்டுக் கொல்லையிலேயே எருக்குழிக்குப் போகும்; அல்லது வயலுக்குப் போகும். நகரம் நெருங்க நெருங்க, கொல்லை சுருங்கிற்று. நகரசபை ஆட்களை அமர்த்தியது, மாட்டு வண்டிகளை வாங்கியது, மேஸ்திரியை நியமித்தது. தமிழகத்தின் நகரங்கள் பலவற்றில் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் தெலுங்கு பேசும் அருந்ததியக் குடும்பத்தார். 'தோட்டி' என்ற சொல்லால் ஊர் அவர்களை அழைத்தது. அச்சொல்லை நான் இங்கே எடுத்துச் சொல்வது வரலாற்றுக்காக மட்டுமே. பழைய ஊர்களில் வீடுகளின் பின்புறத்தே குறுகிய சந்து ஒன்று ஓடும். அவர்கள் வருவதற்கும் போவதற்கும் அமைத்த வழி அது. முன்வாசலில் கோலம் போட்ட வீட்டின் பின்வாசலில், அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் வந்து போயிருப்பார்கள்; வீட்டுக்காரருக்கு ஒருவர் பெயரும் தெரிந்திராது.

வடநாட்டைப் போல வீட்டின் மேல் உரிமை இங்கே பெரும்பாலும் வளரவில்லை. நகரசபையே எசமானன் ஆகிவிட்டது. ஆகவே, சிகாகோவில் மகனுக்கு வண்டி போயிற்று. இலக்னோவில் மகளுக்கு வீடுகள் போயின. திருச்சியிலோ போனது வேலை மட்டுமே. தந்தை வேலையில் இறந்தால் மகன் அந்த இடத்திற்கு விண்ணப்பம் செய்வான். மாமியார் விட்ட துடைப்பத்தை மருமகள் எடுப்பாள். நகரசபை கட்டிக் கொடுத்த குடியிருப்பில் ஓர் அறை; வேலை இருக்கும்வரை அறை இருக்கும். வேலையை விட்டால் அறையும் போகும் என்ற அச்சமே அடுத்த தலைமுறையையும் அந்தத் தெருவில் இறக்கிவிட்டது. வண்டியும் மாடும் நகரசபையினுடையவை. அள்ளிய குப்பையில் விலைபோகும் பொருள் இருந்தாலும் அதுவும் நகரசபையினுடையதே. கடன் மட்டும் அவர்களுடையது.

இந்தத் தொழிலின் குடும்ப வரலாற்றை முழுமையாக எழுதியவர்களுள் ஒருவர் ஒரு மலையாளி என்பதை நினைக்க வேண்டும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' 1947இல் வெளிவந்த நாவல். ஆலப்புழை நகரத்தில் பாட்டன், மகன், பேரன் என மூன்று தலைமுறை அதில் வருகின்றது. நம் சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். அந்நாவலில் வரும் தந்தை, தன் மகன் இந்த வாளியைத் தொடக்கூடாது என்று சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கின்றான். ஆனால் மகனும் அதே வாளியைத் தூக்க நேர்கின்றது. ஏனைய தொழில்களில், மகன் தொழிலை விட்டுவிடுவானோ என்று தந்தை அஞ்சுவான். இந்தத் தொழிலில் மகன் தொழிலுக்கு வந்துவிடுவானோ என்று அஞ்சுகின்றான். குடும்பத் தொழில் என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

ஸ்ரீரங்கத்தில் நின்று பார்க்கும்போது இந்த விஷயம் வேறொரு வகையாகவும் தோன்றுகின்றது. ஏழு திருச்சுற்றுக்களை உடைய அந்தக் கோயில் 156 ஏக்கர் பரப்புள்ளது. வெளிச் சுற்றுக்கள் மக்கள் குடியிருக்கும் வீதிகள். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி ஆகியவை மதிலுக்குள்ளேயே அடங்கிய தெருக்கள். அங்கே சேரும் குப்பை ஒவ்வொரு கோபுர வாசலையும் தாண்டியே வெளியே போக வேண்டும். பெருமாள் எழுந்தருளும் வாசலும் குப்பை வண்டி செல்லும் வாசலும் ஒன்றே. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு இலட்சக்கணக்கான மக்கள் வந்து போன மறுநாள் காலையில் அந்த வீதிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் மக்கள் விட்டுச் செல்லும் பழந்துணியையும் மாலையையும் காதோலையையும் ஆற்றிலிருந்து அரித்தெடுக்கும் கைகளும் உண்டு.

கோயிலுக்குள் பெருக்குவதற்குத் தமிழில் 'திருவலகிடுதல்' என்று பெயர். மெழுகுவதற்குத் 'திருமெழுக்கிடுதல்' என்று பெயர். துடைப்பத்திற்கும் சாணத்திற்கும் 'திரு' சேர்த்துச் சொல்லியது நம் மொழி. நாவுக்கரசர் கையில் உழவாரப்படை இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே அவருடைய திருவுருவத்தை இன்றும் சிவன் கோயில்களில் காணலாம். மதிலுக்கு உள்ளே திருத்தொண்டு. மதிலுக்கு வெளியே தீண்டாத தொழில். செயல் ஒன்றே.

கோயிற் பணிகளும் பரம்பரைப் பணிகளாகவே இருந்தன. அவற்றுக்கு மிராசு என்றும் முறை என்றும் பெயர். அர்ச்சகர் முதல் ஏனைய பணியாளர் வரையில் நியமனத்தில் பரம்பரை உரிமை கிடையாது என்று தமிழக அரசு 1971இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தால் தீர்மானித்தது. 1972இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. கோயிலில் பரம்பரை என்பது எழுத்தில் இருந்த உரிமை; ஆகையால் எழுத்தினால் அதை எடுக்க முடிந்தது. சந்தில் பரம்பரை என்பது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதை எடுப்பதற்குச் சட்டம் எழுதுகின்றவர் எந்த வரியை அடிப்பார்?

திருச்சியில் குப்பையை வைத்துச் செல்வமும் பெயரும் தேடிய குடும்பங்கள் இல்லவே இல்லையா என்று ஒரு நேயர் கேட்கலாம். உண்டு, ஆனால் அவர்களை நாம் குப்பைத் தொழிலில் சேர்த்து எண்ணுவதில்லை. பழைய இரும்பு, பழைய பேப்பர், காலிப் பாட்டில், தகரம் வாங்கும் கடையைத்தான் சொல்கின்றேன். தமிழில் இதற்குக் 'காயலான் கடை' என்று அழகான பெயர். தென்பாண்டிக் கடற்கரையில் உள்ள காயல்பட்டினத்து வணிகர் இந்தத் தொழிலில் முந்தி நின்றதனால் அப்பெயர் வந்தது என்பர். இப்போது எல்லாச் சமூகத்தாரும் இதில் இருக்கின்றார்கள். பெயர் மட்டும் அந்த ஊரை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது.

இந்தக் கடையின் நடைமுறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கடைக்கு முன்னே ஒரு தராசு. கடைக்காரர் கல்லாவில் அமர்ந்திருப்பார். அவருக்குப் பொருள்களைத் தரம் பிரிக்கத் தெரியும். அதுவே அவருடைய கல்வி. செம்பு வேறு, பித்தளை வேறு, அலுமினியம் வேறு, வார்ப்பிரும்பு வேறு. செய்தித்தாள் ஒரு விலை. எழுதிய நோட்டு ஒரு விலை. அட்டைப் பெட்டி ஒரு விலை. நெகிழியிலோ பத்து வகை. தட்டிப் பார்த்து ஓசையாலும், கீறிப் பார்த்து நிறத்தாலும், சில வேளைகளில் சிறிது எரித்து நாற்றத்தாலும் இன்ன வகை என்று சொல்லிவிடுவார். நகைக் கடைக்காரர் உரைகல்லில் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு பொருளின் விலையில்தான் இருக்கின்றது. சிறிய கடைக்காரர் பெரிய கடைக்காரருக்கு விற்பார். பெரிய கடையிலிருந்து லாரி உருக்காலைக்கும் காகித ஆலைக்கும் போகும். பொன்மலை ரயில்வே பட்டறையும், 1965இல் தொடங்கிய திருவெறும்பூர்ப் பெருந்தொழிற்சாலையும் இருக்கின்ற ஊரில் பழைய இரும்புக்குப் பஞ்சம் இல்லை. இந்தக் கடைகள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகின்றன. பலகையும் இருக்கின்றது.

இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில், அதிகாலையில் சாக்குப் பையோடு தெருத்தெருவாகப் போகும் பெண்ணோ சிறுவனோ நிற்கின்றார்கள். குப்பைத் தொட்டியில் கைவிட்டுப் பொறுக்கியதைக் கடைக்காரர் நிறுத்து வாங்குகின்றார். அவசரத்திற்கு முன்பணமும் கொடுப்பார். முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் போக முடியாது. கடைக்காரரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. நோய் வந்தால் வேறு யாரும் கடன் கொடுக்காத இடத்தில் அவர் கொடுக்கின்றார். ஆனால் குப்பையின் விலையில் எவ்வளவு யாருக்குப் போகின்றது என்று கணக்குப் பார்த்தால், கை அழுக்காவதற்கும் காசு சேர்வதற்கும் நேர்மாறான விகிதம் இருப்பதைக் காணலாம்.

குப்பையே ஒரு காலத்தில் வேறு பொருளாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இலை, சாம்பல், சாணம், வைக்கோல், மட்பாண்ட ஓடு. இவையே அக்காலத்து நகரக் குப்பை. இவற்றில் பெரும்பகுதி மண்ணுக்கு உணவு. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தூரில் வகுத்த எருமுறையும், அதன்பின் 1939இல் சி. என். ஆசார்யா பெங்களூரில் வகுத்த முறையும் நகரசபைகளுக்குப் பெரும் நம்பிக்கை அளித்தன. அகழியில் குப்பையை ஓர் அடுக்கும் மலத்தை ஓர் அடுக்குமாக மாற்றி மாற்றிப் பரப்பி, மண்ணால் மூடிச் சில மாதம் விட்டால், நாற்றமற்ற எரு கிடைக்கும். உழவர்கள் வண்டி கட்டி வந்து விலைக்கு வாங்கிப் போனார்கள். நகரசபைக்கு வருவாய்; வயலுக்கு உரம். அந்த எருவை அடுக்கியவர்களின் கூலி மட்டும் அதனால் உயரவில்லை.

பிறகு கண்ணாடித் துண்டும் நெகிழிப் பையும் கலந்தன. உழவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். திருச்சியின் குப்பை 1967 முதல் அரியமங்கலத்தில் ஏறத்தாழ 47 ஏக்கர் நிலத்தில் கொட்டப்பட்டு மலையாக வளர்ந்தது. உச்சிப் பிள்ளையார் மலையைப் பார்க்க வந்தவர்கள், தஞ்சாவூர்ச் சாலையில் போகும்போது இன்னொரு மலையையும் பார்க்க நேர்ந்தது. கோடையில் அது தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. புகை சுற்றிலும் இருந்த வீடுகளுக்குள் புகுந்தது. அண்மை ஆண்டுகளில், சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் அந்தப் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண்ணையும் நெகிழியையும் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. வட்டாரந்தோறும் சிறு உரக்கூடங்களும் ஏற்பட்டன. பாட்டன் காலத்தில் தெரிந்திருந்த எருக்குழியைப் பேரன் காலத்தில் இயந்திரத்தோடு மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றோம்.

2015இல் நாட்டின் தூய்மையான நகரங்களின் வரிசையில் திருச்சி இரண்டாம் இடத்தையும், 2016இல் மூன்றாம் இடத்தையும் பெற்றது. ஊரார் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதே. அந்தப் பரிசை வாங்கித் தந்தவர்களுள் எத்தனை பேர் நிரந்தர வேலையில் இருந்தார்கள், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

ஒப்பந்தம் என்றதும் இன்னொரு நாட்டின் அனுபவம் நினைவுக்கு வருகின்றது. எகிப்தின் கெய்ரோ நகரத்தில் 'சபாலீன்' என்று ஒரு கூட்டத்தார் உண்டு. மேல் எகிப்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கிறிஸ்தவக் குடியானவர்கள். அவர்களுக்கு முன்பே பாலைவனச் சோலையிலிருந்து வந்த வேறொரு கூட்டத்தார், எந்தக் கட்டடத்துக் குப்பை யாருக்கு என்ற உரிமையை வைத்திருந்தார்கள். சபாலீன்கள் அவர்களிடம் பணம் கொடுத்துக் குப்பையை வாங்கினார்கள். உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டார்கள்; மற்றவற்றைப் பிரித்து விற்றார்கள். மொகட்டம் குன்றின் அடியில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, அள்ளிய குப்பையில் பெரும்பகுதியை மீண்டும் பயன்படும் பொருளாக்கினார்கள். 2003இல் அரசாங்கம் ஸ்பெயின், இத்தாலி நாட்டுக் கம்பெனிகளிடம் நகரத்தை ஒப்படைத்தது. வீடு தேடி வந்து வாங்கிப் போனவர்களுக்குப் பதிலாகத் தெருமுனையில் தொட்டிகள் நின்றன. கம்பெனிகள் அள்ளியதில் பெரும்பகுதி புதைகுழிக்குப் போயிற்று. 2009இல் பன்றிக் காய்ச்சல் அச்சத்தினால் ஏறக்குறைய மூன்று இலட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். உணவுக் கழிவைத் தின்ன ஆளில்லை. தெருக்களில் அது குவிந்து நாறிற்று.

நம் சென்னையும் 2000ஆம் ஆண்டில் தன் வட்டாரங்களில் மூன்றை 'ஓனிக்ஸ்' என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிளையிடம் ஒப்படைத்தது. பளபளப்பான வண்டிகளும் சீருடையும் வந்தன. தெருக்கள் முன்னைவிடச் சுத்தமாயின என்று பலர் பாராட்டினார்கள். கூலி டன் கணக்கில். எடைக்குக் கூலி என்றால், எடையைக் குறைக்கும் பிரிப்பு வேலையில் யாருக்கு அக்கறை இருக்கும்? ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த கம்பெனி வந்தது; துடைப்பம் பிடித்த கைகளோ பெரும்பாலும் அதே குடிசைப் பகுதிகளிலிருந்து வந்தவையே.

சட்டத்திற்கு வருவோம். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது. அதைவிட விரிவான சட்டம் 2013இல் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவரின் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்திற்று. தொகை உயர்ந்ததைப் பாராட்டுவதா, உயர்த்த வேண்டிய தேவை இருந்ததை எண்ணி வருந்துவதா என்று தெரியவில்லை. அருந்ததியர்க்குக் கல்வியிலும் வேலையிலும் உள் ஒதுக்கீடு அளிக்கும் தமிழகச் சட்டம் 2009இல் நிறைவேறியது; 2024இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. துடைப்பத்தைத் தவிர வேறொன்றை மகனுக்குக் கொடுக்கும் வழிகளுள், இவ்வொதுக்கீட்டை எல்லாவற்றிலும் முதன்மையானதாக நான் கருதுகின்றேன். அதற்கு வயது இன்னும் இருபது ஆகவில்லை.

தொழிலிலேயே இருந்துகொண்டு, அதைத் தம்முடையதாக்கிக்கொள்ள முடியுமா? புனா நகரத்துப் பெண்கள் முயன்றிருக்கின்றார்கள். அங்கே குப்பை பொறுக்குபவர்கள் 1993இல் ஒரு சங்கம் கண்டார்கள். உறுப்பினருள் பெரும்பாலோர் பெண்கள். 2008இல் அவர்களுக்கே உரிய 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஒவ்வொரு பெண்ணுக்கும் இத்தனை வீடுகள் என்று வரையறை. வீட்டுக்காரர் மாதச் சந்தாவை அவள் கையிலேயே கொடுக்கின்றார். குப்பையைப் பிரித்து எடுத்ததில் விலைபோகும் பொருள் அவளுடையது. மீதியை மட்டும் மாநகராட்சி வண்டியில் சேர்க்கின்றாள். சந்தா கொடுக்காத வீடு உண்டு. பிரிக்காமல் கொட்டும் வீடு உண்டு. உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம், பெரிய கம்பெனிக்கே கொடுத்துவிடலாமே என்ற குரலும் எழுவதுண்டு. ஆயினும் இன்ன தெரு இன்னாருடையது என்பதை அங்கே ஊர் ஒப்புக்கொண்டிருக்கின்றது. மாதத் தொடக்கத்தில் அவள் கதவைத் தட்டும்போது வீட்டுக்காரர் முன்வாசலுக்கு வந்து காசை எண்ணிக் கொடுக்கின்றார். அவளுடைய பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கின்றது.